யானை சுட வந்த துரையும் அகதிப் பெண்ணும்

வருடப்பிறப்பு மலருக்கு யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டார்கள். காந்தியும் லிங்கனும் அன்னை தெரேசாவும் மலர்களில் எத்தனையோ தரம் வந்துவிட்டார்கள். நான் எழுதப் போகிறவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. யானையையும் மரையையும் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியவர். பெரிய மனிதரா என்று கேட்டால் உடனே ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் வாசித்துப் பாருங்கோ.

இவரைப் பற்றி எனக்குத் தெரிய வந்ததே ஒரு தற்செயல். நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பக்கத்தால் டோனாவ் ஆறு ஓடுகிறது. இங்கிலீசில் டானியூப் என்று புவியியல் பாடத்தில் படித்தோமே, அதுதான். இரவு வேலையில் என்னோடு நிற்கிற பல்கேரியாக்காரர் ஒருவர், இதே ஆறுதான் தன்ரை ஊர் விடினுக்கும் போகிறது என்று சொல்லுவார். ஒருநாள் தேத்தண்ணி இடைவேளையில், அந்த ஊரிலே முன்னொரு காலம் கரடி வேட்டைக்கு வந்த இங்கிலீஸ்காரன் ஒருவன் அடிமைச் சந்தையில் ஒரு பெட்டையை வாங்கிக்கொண்டு ஓடினவன், அவன்ரை பெயர் பேக்கர் என்றார். எனக்குத் திக்கென்றது. ஹோட்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பேக்கரோ என்று நூல்நிலையத்தில் போய்த் தேடினேன். அதே ஆள்தான்.

சாமுவேல் வைற் பேக்கர் 1821ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தகப்பன் பணக்கார வியாபாரி. ஜமேக்காவிலும் மொரீசியசிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 1843இல் ஹென்றியற்றா என்ற பெண்ணைக் கலியாணம் செய்து, குடும்பத் தோட்டத்தைப் பார்க்க மொரீசியசுக்குப் போனார். தோட்டக் கணக்கு எழுதுவதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. துவக்கும் காடும்தான் கனவு. இலங்கையில் யானை நிறைய என்று கேள்விப்பட்டு 1846இல் கொழும்பில் வந்து இறங்கினார்.

அந்தக் காலத்து இலங்கையில் யானை சுடுவது துரைமாருக்கு ஒரு விளையாட்டு. எங்கடை யானைகளில் மிகச் சிலவற்றுக்குத்தான் தந்தம் உண்டு, ஆகவே தந்தத்துக்காக என்றும் சொல்ல முடியாது. பயிரை அழிக்கிறது என்று அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்தின மூன்று வருடத்துக்குள்ளே 3500 யானைக்கு அப்படிக் காசு வாங்கியிருக்கிறார்கள். எங்கடை வன்னிக் காடுகளும் அந்த மாகாணத்துக்குள்ளேதான். றோஜர்ஸ் என்ற மேஜர் தனியாளாக 1400க்கு மேல் சுட்டவர் என்பார்கள். அவர் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்துப்போனார். அவருடைய கல்லறையிலும் பிறகு இடி விழுந்தது என்று ஊரில் கதை உண்டு.

பேக்கர் சும்மா துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறவர் இல்லை. அவரிடம் பெரிய திறமை என்று நான் நினைப்பது, ஒரு வேட்டைப் பயணத்தை முன்கூட்டியே யோசித்து ஒழுங்கு செய்வதுதான். அந்தத் துவக்குகள் வாய்ப்பக்கத்தால் மருந்து கெட்டிக்கிறவை. இரட்டைக் குழலில் இரண்டு வெடி வைத்தால் முடிந்தது, திரும்பக் கெட்டிக்க யானை நேரம் தராது. ஆகவே நாலு இரட்டைக் குழல் துவக்கு வேண்டும். ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஒரு ஆள், ஓடாமல் நின்று கைமாற்றித் தர வேண்டும். அந்த ஆள் பயந்து ஓடினால் துரை சரி. இதைவிட பிறிஸ்டலில் சொல்லிச் செய்வித்த 21 இறாத்தல் பாரமான ஒற்றைக் குழல் ஒன்றும் அவரிடம் இருந்தது. சுமக்கக் கூலிகள், சாமானுக்கு மாட்டு வண்டில், கூடாரம், அரிசி எல்லாம் முன்னுக்கே போகும். குளங்கள் வற்றுகிற காலம் பார்த்துத்தான் புறப்படுவார், அப்பதான் மிருகங்கள் எல்லாம் தண்ணிக்கு ஒரு இடத்துக்கு வரும். மின்னேரியாப் பக்கத்து முஸ்லிம் ஆட்களும் வேடர்களும்தான் அடி பார்த்து வழி காட்டினவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் துரைக்கு யானையின் வாலும் தெரிந்திராது. புத்தகத்தில் அவர் பெயர்தான் பெரிதாக இருக்கிறது.

ஒரு வருடம் இப்படித் திரிந்ததில் காட்டுக் காய்ச்சல் பிடித்தது. உடம்பு தேற நுவரெலியாவுக்குப் போனவர், இரண்டு கிழமையில் எழும்பிவிட்டார். குளிரும் புல்வெளியும் இங்கிலாந்து மாதிரியே இருக்கிறதே, இங்கே ஒரு இங்கிலீஸ் கிராமத்தையே கொண்டுவந்து வைத்தால் என்ன என்று ஒரு விசர் யோசனை. ஊருக்குப் போய் 1848இல் ஒரு கப்பலை ஒழுங்கு செய்து குடும்பம், தம்பி, கொல்லன், தோட்ட மேற்பார்வைக்காரன், காளை, பசு, செம்மறி, வேட்டை நாய்கள், கலப்பை, குதிரை வண்டி வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்தார். மலை ஏறுவதற்குள்ளே பாதி நாசம். முதல் போட்ட உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் பயிரை மரை மேய்ந்தது. விட்டாரா இல்லை. மகாகஸ்தோட்டை என்ற தோட்டம் அவர் தொடங்கியதுதான். நாங்கள் சந்தையில் நுவரெலியாக் கரட், லீக்ஸ் என்று வாங்கினோமே, அந்த மரக்கறிச் செய்கையின் தொடக்கத்தில் இவருக்கும் பங்கு உண்டு. காட்டை வெட்டிப் பாதை போட்டு, சாமான் சுமந்த கூலிகளில் தமிழ்நாட்டில் இருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த எங்கடை சனமும் இருந்தது. அவர்களுடைய வாழ்க்கையை எழுத ஆருமில்லை.

1855இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கிலாந்து திரும்பினார். பிறந்த ஏழு பிள்ளைகளில் மூன்று ஆணும் ஒரு பெண்ணும் ஏற்கனவே செத்துவிட்டன, பிறகு பிறந்ததோடு மிச்சம் நாலு பெண்கள். அந்த வருடக் கடைசியில் ஹென்றியற்றாவும் நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டா. பேக்கருக்கு அப்ப முப்பத்து நாலு வயது. பிள்ளைகளைக் கலியாணம் செய்யாத தங்கச்சியிடம் ஒப்படைத்துவிட்டு, எங்கே போகிறது என்று தெரியாமல் அலைந்தார். துருக்கிக்குப் போனார், கிரிமியாவுக்குப் போனார். இந்த இடம் வாசிக்கும்போது அவர் சுட்ட யானைகளை நான் கொஞ்சம் மறந்துபோனேன்.

இனித்தான் டோனாவ் ஆற்றுக் கதை.

ஸ்கொட்லாந்தில் மான் வேட்டையாடுகிற பணக்காரர் மத்தியில் பேக்கருக்கு ஒரு சினேகிதம் கிடைத்தது. மகாராஜா துலீப் சிங். பஞ்சாபின் கடைசி ராசா. ஐந்து வயதில் முடி சூட்டினார்கள், 1849இல் பத்து வயதில் வெள்ளைக்காரர் முடியையும் நாட்டையும் பறித்து, கோகினூர் வைரத்தையும் எடுத்து, தாயையும் பிரித்து, பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் குறையில்லை. நினைத்த இடத்துக்குப் போகத்தான் முடியாது. இருபது வயது இளந்தாரி, எங்கேயாவது தூரத்துக்கு வேட்டைக்குப் போகவேணும் என்று ஆசைப்பட்டார். ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ விடமாட்டார்கள். அப்ப பேக்கர் கீறின திட்டம்தான் இது. ஐரோப்பாவுக்குள்ளேயே, ஹங்கேரிக்கும் பால்கன் பக்கத்துக்கும் போய்க் கரடியும் காட்டுப்பன்றியும் சுடுவது. மகாராஜா என்று தெரிந்தால் போகிற ஊரெல்லாம் வரவேற்பும் செலவுமாகப் போய்விடும் என்று ஒரு இங்கிலீஸ் பெயரை வைத்துக்கொண்டு அவர் வெளிக்கிட்டார். பேக்கர்தான் வழிகாட்டி.

1858 கடைசியில் புறப்பட்டுப் போய், இண்டைக்குப் புடாபெஸ்ற் என்று சொல்கிற இடத்தில் தானியம் ஏற்றுகிற மரப் படகு ஒன்றைப் பிடித்து ஆற்று வழியே இறங்கினார்கள். பேக்கரின் திட்டங்களில் இதுதான் பிழைத்துப்போன திட்டம். குளங்கள் வற்றுகிற மாதத்தைக் கணக்குப் பார்த்த மனுசன் மார்கழி, தை மாதத்து டோனாவைக் கணக்குப் பார்க்கவில்லை. ஆற்றில் மிதந்து வந்த பனிக்கட்டி படகை உடைத்தது. 1859 ஜனவரியில் விடின் என்ற கோட்டைப் பட்டினத்தில் கரை ஒதுங்கினார்கள். அப்ப அது துருக்கிச் சுல்தானின் ஆட்சி.

விடினுக்கு ஏற்கனவே ஒரு கதை இருந்தது. 1848இல் ஹங்கேரியர் ஒஸ்திரியப் பேரரசனுக்கு எதிராக எழும்பினார்கள். அடுத்த வருடம் ரஷ்யப் படையும் வந்து சேர, தோற்றுப்போனார்கள். தலைவர் கொசூத்தோடு ஆயிரக்கணக்கான சனம் எல்லை கடந்து இந்த விடினுக்குத்தான் ஓடி வந்தது. கூடாரத்தில் குளிரிலும் நோயிலும் கிடந்தார்கள். ஆட்களைத் திருப்பித் தா என்று ஒஸ்திரியாவும் ரஷ்யாவும் வெருட்டியும் சுல்தான் தலைவர்களைக் கொடுக்கவில்லை. பின்னாலே பிரித்தானியாவும் பிரான்சும் நின்றன. நாடுகள் கூடி அகதியைப் பற்றிக் கதைப்பதும், அகதி கூடாரத்தில் விறைப்பதும் எங்கடை காலத்தில் தொடங்கினது இல்லை.

அந்தச் சனத்தோடு வந்தவள்தான் இந்தப் பெண். திரான்சில்வேனியாவில் நாஜ்என்யெத் என்ற ஊர், இண்டைக்கு ருமேனியாவில் ஆயுத் என்று பெயர். குடும்பத்தைக் கலவரத்தில் பறிகொடுத்து, அகதி முகாமுக்கு வந்து, பிறகு ஒரு வீட்டில் வளர்ந்து, கடைசியில் விற்பனைக்கு வந்தவள் என்பது குடும்ப வழியாக வந்த கதை. விடின் பாஷாவும் அவளை விரும்பிக் கூட விலை கேட்டார், பேக்கரால் ஈடுகொடுக்க முடியவில்லை, காவல்காரருக்குக் கையில் காசு வைத்து இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினார் என்றும் அதே கதை சொல்கிறது. பேக்கர் கட்டுக்கட்டாகப் புத்தகம் எழுதினவர். ஒரு மானை எந்தக் கல்லுக்குப் பின்னால் நின்று சுட்டேன் என்று எழுதுவார். மனுசியை எங்கே கண்டேன் என்று ஒரு வரியும் எழுதவில்லை.

பெயர் புளோரன்ஸ். பிறந்த வருடம் 1841 என்றும் இருக்கிறது, 1845 என்றும் இருக்கிறது. ஒரு கணக்குக்குப் பதினேழு வயது, மற்றக் கணக்குக்குப் பதின்மூன்று. பேக்கருக்கு முப்பத்தேழு. இந்தக் கணக்கு எனக்கு நல்லாகப் படவில்லை, மறைக்கவும் விரும்பவில்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாத சீவியம் என்னவென்று எங்களுக்குத் தெரியும். எங்களிலும் ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆட்கள் எத்தனை பேர்!

மகாராஜாவின் பயணம் அத்தோடு குழம்பி, அவர் தன் வழியே திரும்பினார். பேக்கர் அந்தப் பெண்ணை இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாமல், கருங்கடலுக்குப் போடுகிற றெயில் பாதை வேலை ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். விட்டுவிட்டுப் போயிருக்கலாம், ஆரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை.

1861இல் இரண்டு பேரும் எகிப்தில் இருந்து நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். முதல் ஒரு வருடம் அபிசீனிய எல்லையில் வேட்டையும் அரபு படிப்பதும். அங்கே பேக்கருக்கு ஒரு பாடம் கிடைத்தது. இலங்கை யானையை நேரே நெற்றியில் சுட்டால் விழும். ஆபிரிக்க யானையின் மண்டை வேறு அமைப்பு, நெற்றிச் சூடு சரிவராது, அது நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். இலங்கையில் படித்த வித்தை அங்கே உதவவில்லை. அந்தப் பகுதி அரபு வேட்டைக்காரர் துவக்கே இல்லாமல், குதிரையில் துரத்திப் போய் வாளால் யானையின் பின்காலை வெட்டி விழுத்துவதைப் பார்த்து அவரே அசந்து போனார்.

கார்ட்டூமில் அவர் செய்த ஆயத்தம் இது: மூன்று படகு, ஒட்டகம், கழுதை, குதிரை எல்லாமாக 29, துவக்கோடு 45 பேர், படகோட்டிகள் 40 பேர், வேலையாட்களோடு மொத்தம் 96 பேர். நாலு மாதச் சாப்பாடு. 1862 டிசம்பர் 18ஆம் திகதி புறப்பட்டார்கள். யோகான் ஸ்மித் என்ற ஜெர்மன்காரர் தச்சு வேலைக்குச் சேர்ந்தவர், சயரோகம். வருடக் கடைசி நாள் செத்துப்போனார். பேக்கர் தன் கையாலேயே புளியமரத்தில் சிலுவை செய்து ஆற்றங்கரையில் நட்டார். எந்த ஊரில் பிறந்து எந்தக் கரையில் புதைகிறோம், பாருங்கோ.

கொண்டொக்கோரோ என்ற இடத்தில், காணாமல் போய்விட்டார்கள் என்று பயந்த ஸ்பீக், கிராண்ட் என்ற இரண்டு பேரும் 1863 பெப்ரவரியில் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். நைல் ஒரு பெரிய ஏரியில் இருந்து வருவதைத் தாங்கள் கண்டுவிட்டதாகவும், மேற்கே இன்னொரு ஏரி இருக்கிறது, போக முடியவில்லை என்றும் சொல்லிப் படமும் கொடுத்தார்கள். அந்த மற்ற ஏரிதான் பேக்கருக்கு மிச்சம். ஆனால் கூலிக்குப் பிடித்த ஆட்கள் குழம்பித் துவக்கைத் தூக்கினார்கள். அடிமை வியாபாரிகள் இவர்களை உள்ளே விட விரும்பவில்லை. இரண்டு இடத்தில் காரியத்தைக் காப்பாற்றினது புளோரன்ஸ்தான். ஒருக்கா குழம்பிய ஆட்களை அவ தான் இடையில் போய்ச் சமாதானம் செய்தா. இன்னொருக்கா, கோபத்தில் கதைக்காமல் போகவிட இருந்த வியாபாரியின் தலையாளைக் கூப்பிடும்படி புருசனை நெருக்கி, தானும் கதைத்து வழிக்குக் கொண்டுவந்தா.

புன்யோரோ நாட்டில் அரசன் கம்ராசி என்று சொல்லிக்கொண்டு வந்து இருந்தவன், வழி விடுகிறேன், உன் மனைவியை எனக்குத் தந்துவிட்டுப் போ, பதிலுக்கு ஒரு பெண்ணைத் தருகிறேன் என்றான். பேக்கர் கைத்துப்பாக்கியை நெஞ்சில் நீட்டினார். புளோரன்ஸ் எழும்பி நின்று அரபியிலேயே கிழி கிழி என்று கிழித்தா. ஒருக்கா சந்தையில் நின்ற பெண்ணுக்கு அந்தப் பேச்சு எப்படிச் சுட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கோ. பிறகுதான் தெரிந்தது, அவன் அரசனே இல்லை, அரசனின் சகோதரன்.

அடுத்த நாட்களில் காபு என்ற ஆற்றைப் புல்மிதப்பின் மேல் நடந்து கடக்கும்போது அவ வெயில் பட்டு விழுந்தா. நாட்கணக்காக நினைவில்லை. தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆட்கள் குழி வெட்ட மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் கண் திறந்து இருக்கிறா! 1864 மார்ச் 14ஆம் திகதி, பேக்கரின் தோளைப் பிடித்துக்கொண்டு செங்குத்தான மலையால் இரண்டு மணித்தியாலம் இறங்கி அந்த ஏரியின் தண்ணியைத் தொட்டா. விக்டோரியா மகாராணியின் இறந்துபோன புருசன் பெயரை வைத்து அல்பேட் ஏரி என்று பேக்கர் பெயரிட்டார். அந்த ஊர்ச் சனம் அதுக்கு முன்னமே அந்தத் தண்ணியைக் குடித்து மீன் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

இந்தப் பயணத்தில் என்னைக் கரைத்தது சாத் என்ற பொடியன். ஆடு மேய்த்த இடத்தில் ஆறு வயதில் பிடித்து விற்றுப்போட்டார்கள். கார்ட்டூமில் அநாதையாக நின்று, புளோரன்சின் காலடியில் வந்து வேலைக்காரனாக வைத்திருக்கச் சொல்லிக் கெஞ்சினவன். ஆட்கள் எல்லாம் குழம்பினபோதும் அவன் குழம்பவில்லை. எல்லாம் முடிந்து 1865இல் படகில் கார்ட்டூமுக்குத் திரும்புகிற வழியில், கிட்டத்தட்ட வந்து சேர்ந்துவிட்ட நேரத்தில் கொள்ளைநோயில் செத்துப்போனான்.

லண்டனுக்கு வந்து 1865 நவம்பர் 4ஆம் திகதி தேவாலயத்தில் கலியாணம் செய்தார்கள். அடுத்த வருடம் சேர் பட்டம். அவ லேடி பேக்கர். மூத்த பெறாமகளுக்கும் அவவுக்கும் வயது வித்தியாசம் சில வருடங்கள்தான், ஆனாலும் குடும்பம் அவவை ஏற்றுக்கொண்டது. மகாராணிதான் ஏற்றுக்கொள்ளவில்லை. கலியாணத்துக்கு முதலே சேர்ந்து இருந்தவள் என்று அரண்மனைக்குள் எடுக்கவே இல்லை. தன்ரை புருசன் பெயரை வைத்த ஏரிக்குப் போகச் செத்துப் பிழைத்தவள் என்றும் பார்க்கவில்லை.

பிறகு எகிப்து அரசர் இஸ்மாயில், வருடம் பத்தாயிரம் பவுண் சம்பளத்துக்கு நாலு வருடம், தெற்கே போய் அடிமை வியாபாரத்தை நிற்பாட்டப் பேக்கரை அனுப்பினார். 1869இல் புறப்பட்டார்கள், அவவும் போனா. படகுகளில் அடைத்து வைத்திருந்த ஆட்களை விடுவித்தது உண்மை. அச்சோலிச் சனம் அவவின் நீண்ட பொன் கூந்தலைப் பார்த்து அன்யாட்வே, நிலாவின் மகள் என்று பெயர் வைத்தது. ஆனால் அடிமையை விடுவிக்கப் போனவர் அந்த நாடுகளை எகிப்துக்குச் சேர்க்கவும்தான் போனார். 1872இல் மசிண்டியில் புன்யோரோவின் இளம் அரசன் கபலேகாவோடு சண்டை பிடித்து ஊரை எரித்துவிட்டுப் பின்வாங்கினார். அந்தக் கபலேகாவைப் பிறகு 1899இல் பிரித்தானியர் பிடித்து சீசெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். கண்டியின் கடைசி அரசனை வேலூருக்கு அனுப்பின அதே கை.

பிற்காலத்தில் இங்கிலாந்தில் டெவன் பக்கம் வீடு வாங்கி இருந்தாலும் பேக்கருக்கு வேட்டை விடவில்லை. சைப்பிரஸ், இந்தியா, ஜப்பான், அமெரிக்காவின் றொக்கி மலை என்று திரிந்தார். 1884இல் ஜெனரல் கோர்டன் வந்து திரும்பவும் சூடானுக்கு வரச்சொல்லிக் கேட்டபோது, இனி நான் வரமாட்டேன், நீங்களும் தனியப் போகக்கூடாது என்று புளோரன்ஸ் மறித்துவிட்டா. கோர்டன் போய் கார்ட்டூமில் கொல்லப்பட்டார். பேக்கர் 1893 டிசம்பர் 30ஆம் திகதி வீட்டிலேயே இறந்தார்.

அதே வருடம் ஒக்ரோபரில் பாரிசில் துலீப் சிங் இறந்தார். 1886இல் ஊருக்குத் திரும்ப என்று கப்பல் ஏறினவரை ஏடனில் மறித்துத் திருப்பிவிட்டார்கள். பஞ்சாபை அவர் பிறகு காணவே இல்லை.

அந்தப் படகுப் பயணத்தோடு சேர்ந்த மூன்று பேரில் மிஞ்சினது அவ. 1916 மார்ச் 11ஆம் திகதி வரை அந்த டெவன் வீட்டில் இருந்தா. அப்ப முதலாம் உலக யுத்தம், அவ பிறந்த ஊர் எதிரி நாட்டில். 1870 முதல் 1873 வரையிலான பயணத்தில் அவ எழுதிய நாட்குறிப்பைக் குடும்பத்தார் வைத்திருந்து 1972இல் புத்தகமாக்கினார்கள். ஆர் ஆருக்குக் காய்ச்சல், என்ன சமைத்தது, எத்தனை ஆடு மிச்சம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு அரைவாசி வாசித்துவிட்டேன். விடின்காரருக்கும் இடைவேளையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை சொல்லிக்கொண்டு வருகிறேன்.